ஈசானி மூலையும் இரண்டு முட்டையும்

ஒன்றுக்கும் உதவாத மனிதர்களில் இரண்டு வகை உண்டு. உதவியே செய்யாதவர்கள் ஒரு வகை. உதவி செய்தே தீருவேன் என்று நிற்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. கோத்தகிரிக்குக் குடிவந்த பிறகு என் உதவிக்கு அதிகம் ஆளானவை பறவைகள். மனிதர்கள் என்றால் அடுத்த தடவையே கதவைச் சாத்தியிருப்பார்கள். கூட்டுக்குக் கதவு கிடையாது. பாதிக்கப்பட்ட தரப்பின் சார்பில் புகார் கொடுக்க யாரும் இல்லாததால் நானே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் குற்றத்தின் கனம் புரிய வேண்டும். சமவெளியில் ஒரு கூடு கலைந்தால் பறவை இன்னொன்று கட்டிக்கொள்ளும். அதற்கு நாள் இருக்கிறது. மலையில் நாள் கம்மி. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடுகிறது. ஊட்டி இருப்பதோ 2,240 மீட்டரில். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை உறைபனிக் காலம். ஜூன் வந்தால் தென்மேற்குப் பருவமழை. அந்த மழையின் குணம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. பனிக்கும் இந்த மழைக்கும் நடுவில் கிடைக்கும் சில மாதங்களுக்குள்தான் எங்கள் மலைப்பறவைகளில் பெரும்பாலானவை கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சு பறக்கும்வரை பார்த்து முடித்தாக வேண்டும்.

முட்டைக் கணக்கிலும் கறார்தான். நீலகிரிச் சிரிப்பான், சோலைக்கிளி, கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்று மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரிய பறவைகளை வரிசையாக எடுத்தால், பெரும்பாலும் இரண்டு முட்டையோடு நிறுத்திக்கொள்பவை. வெப்பமண்டலப் பறவைகள் பொதுவாகவே சிக்கனமானவை. மலை ஏற ஏறச் சிக்கனம் இன்னும் கூடும். உயரத்தில் வாழும் பறவைகள், தாழ்வான இடங்களில் வாழும் தங்கள் நெருங்கிய உறவினங்களைவிடக் குறைவாகவே முட்டையிடுகின்றன, ஆனால் ஒவ்வொரு குஞ்சுக்கும் கூடுதலாகப் பாடுபடுகின்றன என்று பத்யாயெவ், கேலம்போர் என்ற ஆய்வாளர்கள் 2001இல் ஒப்பிட்டுக் காட்டினார்கள். இரண்டே முட்டை, குறுகிய பருவம் என்றால் கூட்டை எங்கே வைப்பது என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடத்தின் பெரிய முடிவு. அந்த முடிவில்தான் நான் போய் வீட்டுத் தரகர் வேலை பார்த்தேன். தரகு கேட்காத தரகர். வாடகைக்கு வருபவரின் தேவையைக் கேட்காத தரகரும்கூட.

தொடக்கம் ஒரு மரப்பெட்டி. பட்டாணிக்குருவிக்குக் கூட்டுப்பெட்டி வைப்பது எப்படி என்று ஒரு பழைய இங்கிலாந்துப் புத்தகத்தில் படித்தேன். பெட்டியின் வாசல் வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசையைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. இதை வீட்டில் வாசித்தபோது என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஈசானி மூலைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க” என்றார். விஞ்ஞானமும் வாஸ்துவும் ஒரே பக்கம் கைகாட்டினால் மறுத்துப் பேச நான் யார்?

பெட்டி தயாரானது. தச்சர் அண்ணன் ஓட்டையை ஒன்றேகால் அங்குலம் போடட்டுமா என்று கேட்டார். புத்தகத்தில் இருந்ததும் ஏறத்தாழ அதுதான். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. “கொஞ்சம் தாராளமா இருக்கட்டும் அண்ணே, ரெண்டு அங்குலம் போடுங்க” என்றேன். வாசலுக்குக் கீழே உட்கார ஒரு குச்சியும் வைக்கச் சொன்னேன். கூரைக்கு வீட்டில் மிச்சம் கிடந்த தகரம். எல்லாம் முடிந்ததும், என் நாற்காலியிலிருந்து நேராகத் தெரியும் இடத்தில் மாட்டினேன். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாத் தோல்விக்கும் வேர் இருக்கிறது. அப்போது அது தெரியவில்லை.

ஒவ்வொன்றாக வருகிறேன். இங்கிலாந்துக்காரர் வடகிழக்கைச் சொன்னது, அவர் ஊரில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழுவதாலும் ஈரக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதாலும். கோத்தகிரி இருப்பது 11 டிகிரி வடக்கு அட்சரேகைக்குச் சற்று மேலே. ஏப்ரல் 20 வாக்கில், கூடு கட்டும் பருவத்தின் உச்சத்தில், நண்பகல் சூரியன் ஏறக்குறைய நட்டுக்குத்தாக நம் தலைக்கு மேல் நிற்கிறது. வாசல் எந்தத் திசையைப் பார்த்தால் என்ன, வெயில் விழப்போவது கூரையில். கூரை தகரம். முட்டைக்குள் கரு ஒழுங்காக வளர 36, 37 டிகிரி வெப்பம் வேண்டும். 26 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். 40ஐ நன்றாகத் தாண்டிவிட்டால் கருவே பிழைக்காது. என் பெட்டி பகலில் மேல் எல்லையையும், மெல்லிய பலகை என்பதால் விடியற்காலையில் கீழ் எல்லையையும் தொடக்கூடியது. ஈசானி மூலை மட்டும் சரியாக இருந்தது.

பட்டாணிக்குருவி ஜோடி வரத்தான் செய்தது. ஒன்று ஓட்டையில் தலையை விட்டுப் பார்த்தது. இன்னொன்று கூரை மேல் உட்கார்ந்து உடனே எழுந்தது. பிறகு இரண்டும் போய்விட்டன. ஓட்டையின் அளவைக் கண்டு ஆசைப்பட்டு வந்தது காட்டு மைனா. கொஞ்சம் புல்லைக் கொண்டுவந்து திணித்துவிட்டு அதுவும் மனம் மாறிப் போனது. கடைசியில் ஓர் அணில் நிரந்தரமாகக் குடியேறியது. வாசலில் நான் வைத்த குச்சி அதற்குத்தான் பயன்பட்டது. ஓட்டையில் தானாகவே தொற்றிக்கொள்ளத் தெரிந்த பட்டாணிக்குருவிக்குக் குச்சி தேவையே இல்லை; முட்டை திருட வருபவருக்குத்தான் நின்று நிதானிக்க இடம் வேண்டும். “ஏங்க, வாடகைக்கு ஆள் வந்தாச்சு போலிருக்கு. வால்தான் கொஞ்சம் நீளம்” என்றாள் மனைவி.

அந்த ஜோடி எங்கே போனது என்று பிறகு தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய பழைய கருங்கல் சுவர் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கல்லுக்கு நடுவே ஓர் இடுக்கு. தெற்கைப் பார்த்த வாசல். என் மாமனார் ஒப்பவே மாட்டார். ஆனால் அந்தச் சுவரின் கனம் பகல் வெயிலை உள்ளே விடாது, இரவில் சட்டென்று ஆறியும் போகாது. வாசல் குறுகல், மைனா நுழையாது. ஒரு நாள் ஆர்வம் தாங்காமல் அந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஒரு சீறல். நான் பின்னால் சாய்ந்து தேயிலைச் செடியில் விழுந்து, “பாம்பு! பாம்பு!” என்று கத்தி, வேலை செய்துகொண்டிருந்த அக்காமார்கள் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்து, ஒரே அமர்க்களம். அதில் மூத்தவர் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “குருவிதான் சார். அடையில இருக்கு. அப்படித்தான் சீறும்” என்றார். பொந்துக்குள் அகப்பட்ட பட்டாணிக்குருவி பாம்பு மாதிரி சீறி எதிரியை விரட்டும் என்பது பறவை நூல்களில் உள்ள செய்தி. நான் படித்த அத்தியாயத்தில் பெட்டி செய்யும் முறைதான் இருந்தது.

அந்த இடுக்கு இன்னொன்றையும் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பட்டாணிக்குருவி நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். அதே மலையில், அதே குளிரில் சோலைக்குள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் பறவைகள் இருக்கும்போது இதற்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல்? பெரும்பாலும் இடத்திலிருந்துதான். பொந்துக்குள் கட்டும் பறவைகள், திறந்த கிண்ணக் கூடு கட்டும் பறவைகளைவிடப் பொதுவாக அதிக முட்டை இடுகின்றன. திறந்த கூட்டுக்குக் காக்கை, செம்போத்து, பாம்பு, எலி என்று எதிரிகள் ஏராளம். உலகம் முழுவதும் கூடுகள் தோற்பதற்கு முதல் காரணம் பசியோ குளிரோ அல்ல, இப்படிக் களவுபோவதுதான். ஆனால் நல்ல பொந்துகள் குறைவு. அதற்கு அடிதடி அதிகம். ஆகவே பறவை இடம் தேடும்போது குளிர், மழை, வெயில், எதிரி, இரைக்குப் போய்வரும் தூரம் என்று இத்தனையையும் ஒரே தீர்மானத்தில் அடக்குகிறது. நான் பார்த்தது என் நாற்காலியை மட்டும்.

பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துப் பெட்டியைக் கழற்றி, தோட்டத்தின் அடிவாரத்தில் ஓடையோரப் பள்ளத்தில் மாட்டினேன். நிழல், தண்ணீர், பசுமை. நான் பறவையாக இருந்தால் அங்கேதான் குடியிருப்பேன். கோத்தகிரியில் பிறந்த எந்தச் சிறு விவசாயியிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: உறைபனியில் முதலில் கருகுவது பள்ளத்துத் தேயிலைதான். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். கூடு கட்டும் மாதத்தில் உறைபனி இல்லாவிட்டாலும் விடியற்காலைக் குளிர் அங்கேதான் அதிகம். அடையில் இருக்கும் பறவை இரை தேட எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் முட்டை ஆறும் வேகம் அந்தக் குளிரைப் பொறுத்தது. குளிர் கூடினால் சூடேற்றும் நேரம் கூடும், இரை தேடும் நேரம் குறையும். இது தெரிந்தபோது பெட்டியில் சிலந்தி மட்டும் இருந்தது. அதற்குப் புகார் எதுவும் இல்லை.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். வாசல் ரோஜாப் புதரில் செம்மீசைச் சின்னான் கூடு கட்டியது. இடுப்பு உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அழகான கிண்ணம். குஞ்சு பொரித்தது. கைபேசியில் படம் எடுக்கப் போனால் இரண்டு இலைக்கொத்து குறுக்கே நின்றது. கத்தரிக்கோலை எடுத்து வந்து அவற்றை மட்டும், மிகவும் பொறுப்பாக, நறுக்கினேன். படம் அருமையாக வந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பது இதயங்கள்.

அந்த இரண்டு கொத்து இலை என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, மேலிருந்து பார்க்கும் காக்கையிடமிருந்து கூட்டை மறைத்தது. இரண்டு, இறகு முளைக்காத குஞ்சுகளை உச்சி வெயிலிலிருந்து காத்தது. மூன்றாவதை மலைக்காரர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருப்பார்கள்: உறைபனி திறந்த புல்வெளியில் படியும், மரத்தடியில் படியாது. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை நேராக வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மேலே இலை இருந்தால் அந்த இழப்பு குறைகிறது. ஆக, நான் வெட்டியது சுவர், கூரை, போர்வை மூன்றையும். அன்று மதியமே தாய்ப்பறவை இரைக்குப் போகாமல் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றது. நான் அதையும் படம் எடுத்தேன். மறுநாள் காலை கூடு காலி. வேலியோரமாக ஒரு செம்போத்து நிதானமாக நடந்துகொண்டிருந்தது. நேரடி சாட்சி இல்லை. இருந்தாலும் அதற்கு வழிகாட்டியது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கூட்டுக்குப் போக்குவரத்து கூடினால் எதிரிக்குத் துப்பு கிடைக்கும் என்று, கோஸ்டாரிகாவில் வாழ்ந்து பறவைகளைக் கவனித்த அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949இலேயே எழுதினார். வெப்பமண்டலப் பறவைகள் குறைவாக முட்டையிடுவதற்கே அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் வாதம்: குஞ்சு குறைந்தால் இரையோடு வந்துபோகும் நடை குறையும், நடை குறைந்தால் கூடு காட்டிக்கொடுக்கப்படாது. சின்னான் அப்படிக் கணக்குப் பார்த்துச் சிக்கனம் பிடித்த நடையையெல்லாம், காலை காப்பிக்கு முன்னும் பின்னும் நான் நடந்து ஈடுகட்டிவிட்டேன்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்ததுதான் பெரிய தவறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கு உள்ள விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைக்குச் சேதம் செய்வதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். வெங்காயம்கூடச் சில நாள் தவிர்க்கும் வீட்டில் பிறந்தவன் நான். கையில் ரோஜாக் கத்தரிக்கோலோடு வேட்டைக்குப் போய்வந்திருக்கிறேன்.

வராந்தா விஷயத்தில் மட்டும் என் எண்ணம் சுத்தமானது. மலைத் தகைவிலான் காலங்காலமாக மலைவீடுகளின் வராந்தாவில் கூடு கட்டும் பறவை. மழை படாது, மனித நடமாட்டத்துக்குப் பயந்து காக்கை கிட்டே வராது. எங்கள் வீட்டு உத்திரத்திலும் மண்ணுருண்டைகளை ஒட்டி ஓர் அரைக்கிண்ணம் எழுந்தது. எச்சம் கீழே செருப்புகள்மேல் விழுந்தது. கூட்டைக் கலைக்காமல் செருப்பைக் காப்பாற்றக் கூட்டுக்கு ஒரு சாண் கீழே பலகை அடித்தேன். தகைவிலானின் பாதுகாப்பில் பெரும்பங்கு, அந்தக் கூட்டின் அருகே வேறு எந்தப் பறவையும் நிற்க இடமில்லை என்பதில் இருந்தது. பலகையால் அந்த இடத்தைக் காக்கைக்கு நான் ஏற்படுத்திக் கொடுத்தேன். பலகை வைப்பதென்றால் வெகுவாகத் தள்ளிக் கீழே வைக்க வேண்டும். அல்லது செருப்பை நகர்த்தி வைக்க வேண்டும். இரண்டாவது யோசனை வீட்டில் எல்லோருக்கும் தோன்றியிருந்தது. என்னிடம் சொன்னால் அதற்கும் ஒரு திட்டம் போடுவேன் என்று சொல்லவில்லையாம்.

அடுத்த வருடம், வருந்தி, வராந்தா முழுவதற்கும் புதுசாகப் பளபளக்கும் எனாமல் பெயின்ட் அடித்து வரவேற்றேன். தகைவிலான்கள் பழைய கூட்டைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதுண்டு. பெயின்ட் அடிப்பவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டார். புதிதாக ஒட்டிப் பார்த்த மண் எனாமலில் நிற்காமல் விழுந்தது. செருப்புகள்மேல்தான் விழுந்தது.

இந்த அளவுக்கு மனிதர் தொந்தரவு உள்ள இடத்துக்குப் பறவை ஏன் வருகிறது என்று கேட்கலாம். நல்ல இடம் குறைவு என்பதுதான் பதில். மரமே இல்லாத உயர்ந்த மலைகளில் அந்தத் தட்டுப்பாடு இன்னும் கடுமையானது. ஆல்ப்ஸில் பனிச்சிட்டு என்றொரு பறவை பாறை இடுக்கில் கூடு கட்டும். இப்போது பனிச்சறுக்கு விடுதிகளின் சுவரிலும் கம்பிவண்டித் தூண்களின் இடுக்கிலும் கட்டுகிறது. கொம்பு வானம்பாடி மலை உச்சித் திறந்த தரையில் கட்டுவதால், காற்றுக்கு மறைவாக ஒரு கல்லோ புற்கொத்தோ பார்த்துக் குழி பறிக்கிறது. திபெத் பீடபூமியின் பனிச்சிட்டுகள் பைக்கா என்ற சின்ன முயலினத்தின் வளைகளில் கூடு கட்டுகின்றன. மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அங்கே பைக்காக்களுக்கு விஷம் வைத்தார்கள். வளை தோண்ட ஆளில்லாத இடங்களில் பனிச்சிட்டும் அருகியது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உதவி செய்யும் வியாதி எனக்கு மட்டும் இல்லை.

ஆறுதல் நீடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மண்திட்டு சரிய ஆரம்பித்தது. புல் முளைத்த அந்தத் திட்டின் பொந்துகளில் புதர்ச்சிட்டு கூடு வைப்பது எனக்குத் தெரியும். நீலகிரியில் சாலையோர மண்வெட்டு எங்கும் பார்க்கலாம், கருப்பு ஆணும் பழுப்புப் பெண்ணும். தடுப்புச் சுவர் கட்டினால் பொந்து போய்விடுமே என்று மேஸ்திரியிடம் வருத்தப்பட்டேன். அவர், “தண்ணி வடிய பைப் வைப்போம்ல சார், அதுல வந்து கட்டும்” என்றார். கட்டியது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்: மண்ணும் சரியாது, பறவையும் போகாது. குறுகிய வாசல், ஆழமான உள்ளிடம், பூனைக்கு எட்டாத உயரம், பறவை தேடும் எல்லா அடையாளமும் அந்தக் குழாயில் இருந்தன. மே மாதம் ஒரு மாலை கோடை மழை கொட்டியது. குழாய் தன் வேலையைச் செய்தது.

இதைச் சூழலியலில் பொறி என்கிறார்கள். பறவை முட்டாளல்ல. எது நல்ல இடம் என்பதற்கு அது நம்பும் அடையாளங்கள் பல தலைமுறைகளாகச் சரியாக இருந்தவை. நாம் அந்த அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பொருளை மாற்றிவிடுகிறோம். வெறும் கெட்ட இடம் என்றால் பறவை அதை ஒதுக்கிவிட்டுப் போகும், என் தகரப் பெட்டியை ஒதுக்கியதுபோல. நல்ல இடமாகத் தோன்றும் கெட்ட இடம்தான் ஆபத்து. இப்போது அந்தக் குழாய் வாய்களில் கம்பிவலை இருக்கிறது. மேஸ்திரி வலைக்குத் தனியாகக் காசு வாங்கினார்.

வீட்டில் இத்தனை சாதித்த பிறகு காட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள இது 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானின் கூட்டை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலரிடம் சொன்னேன். அவருடைய பதவியின் பெயரைக் கேட்டபோது ரோஜாப் புதர் ஞாபகம் வந்து லேசாக வியர்த்தது. மரக் கிளைகளை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அவர் நின்று, “சார், கீழ பாருங்க. தூரமாவே நில்லுங்க” என்றார். முழங்கால் உயரப் புதரில் காய்ந்த இலை ஒரு பந்து போலச் சிக்கியிருந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் குப்பை என்று நினைத்துத் தாண்டியிருப்பேன். அந்தப் பந்துதான் கூடு. சோலையில் கிளையிலிருந்து உதிர்ந்து புதரில் சிக்கிய இலைச்சருகு எங்கும் கிடக்கும். அதில் ஒன்றாகத் தெரிவதே அதற்குப் பாதுகாப்பு. சோலைக்கிளியும் இப்படித்தான் கீழேயே, மண்கரையிலோ மரத்தின் அடியிலோ உள்ள பொந்தைத் தேர்ந்துகொள்ளும். உயரமான மலையில் வாழ்பவர்கள் உயரத்தில்தான் குடியிருப்பார்கள் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

இதே கோத்தகிரியில் மார்கரெட் காக்பர்ன் என்றொரு பெண்மணி வாழ்ந்தார், 1829இல் பிறந்து 1928இல் மறைந்தவர். இந்தச் சரிவுகளின் பறவைகளை வண்ணத்தில் தீட்டினார். கூடுகளையும் முட்டைகளையும் பற்றிப் பறவை ஆய்வாளர் ஆலன் ஹியூமுக்குக் குறிப்புகள் அனுப்பினார். ஹியூமின் இந்தியப் பறவைகளின் கூடுகள், முட்டைகள் பற்றிய நூலில் அவை இடம்பெற்றன. கைபேசியும் தொலைநோக்கியும் இணையமும் வைத்திருக்கும் என்னிடமிருந்து அறிவியலுக்குப் போனது ஒரே ஒரு தகவல்: எனாமலில் மண் ஒட்டாது.

வெற்றி ஒன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். தோட்ட மூலையில் ஒரு பட்ட மரம் நிற்கிறது. அதை வெட்டச் சொல்லி மனைவி பல வருடமாகக் கேட்கிறாள். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மனு போட வேண்டும், ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். மனு எழுதச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். அந்த மரத்தின் சாய்ந்த கிளையில், அடிப்பக்கத்தைப் பார்த்தபடி, ஒரு குக்குறுவான் ஜோடி பொந்து குடைந்தது. அடிப்பக்கம் என்பதால் மழை உள்ளே வராது. வெயில் கூரையில் அடித்தாலும் கிளையின் தடிமன் தாங்கும். நான் எந்தத் திசையும் சொல்லவில்லை. குஞ்சுகள் வெளியே வந்தன. அடுத்த பருவத்தில் அதே பொந்தில் பட்டாணிக்குருவி நுழைந்தது. தானே குடையத் தெரியாத பறவைகளுக்கு இப்படிக் குடைந்து கைவிட்ட பொந்துதான் வீடு. காய்ந்த மரம் போனால் அந்தச் சங்கிலியே அறுந்துபோகும்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது விரிவாக விளக்கினேன். மனைவி முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போ நீங்க செய்யாம விட்ட வேலை ஒண்ணுதான் உருப்பட்டிருக்கு” என்றாள். ஆய்வு முடிவாக அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே இப்போது பிப்ரவரி முதல் ஜூன் வரை வேலியை வெட்டுவதில்லை. கல் சுவர் இடுக்குகளைப் பூசுவதில்லை. கூட்டைக் கண்டால் படம் எடுக்காமல், கிட்டே நிற்காமல் நடந்துவிடுகிறேன். இதே கொள்கையின்படி ஒழுகும் குளியலறைக் குழாய், ஒரு பக்கம் சாய்ந்த கேட், மூடாத அலமாரிக் கதவு ஆகியவற்றையும் மலைப்பறவைகளின் இனப்பெருக்கத்தை முன்னிட்டுத் தொடாமல் விட்டிருக்கிறேன். வீட்டில் இந்த வாதத்துக்கு இன்னும் ஆதாரம் கேட்கிறார்கள்.